அந்த உடுப்பை யார் துவைப்பது?

டிவியில் ஒரு விண்கலம் வெடித்துச் சிதறிக்கொண்டிருக்கும். தீக்கும் புகைக்கும் நடுவே ஒருவன் தன் ஆட்களைத் தோளில் சுமந்துகொண்டு ஓடி வருவான். இசை நெஞ்சை அடைக்கும். பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் என் கை அப்படியே நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அக்கா கேட்பார்:

"அதெல்லாம் சரி தம்பி. அந்த வெள்ளைச் சட்டைய யாரு தொவைப்பா?"

அவ்வளவுதான். அதன் பிறகு எனக்கு வெடிச்சத்தம் கேட்காது, தீ தெரியாது. சட்டை மட்டும்தான் தெரியும். அத்தனை அமளியிலும் காலரில் அழுக்கு இல்லை. கக்கத்தில் வியர்வை வட்டம் இல்லை. ஒரு பாக்கெட்கூட இல்லை. தையல்காரன் கண்ணுக்குத் தையலாவது தெரியவேண்டுமே, அதுவும் இல்லை.

டெலிபோன் அக்கா என்று நாங்கள் கூப்பிட்டவரின் நிஜப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "யாரைக் கேட்டு எழுதினே?" என்று மைசூரிலிருந்து போன் வரும். போனில் அவருக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவோடு பாடுவார். மற்ற நாட்களில் விண்வெளியோடு வழக்காடுவார்.

என் கடை குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ரயில் தண்டவாளத்தின் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது. பள்ளிச் சீருடை, பாடகர் குழு அங்கி, ஜாக்கெட், பழுதான ஜிப், இவைதான் என் பிழைப்பு. ஐந்தாம் வகுப்போடு மிஷினில் உட்கார்ந்தவன். யாரோடும் பேசக் கூச்சம். அளவெடுக்கும்போது வாய்க்குள் எண்களை முனகுவதோடு என் பேச்சு முடிந்துவிடும். கடையில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டுமே என்று துணிக்கட்டுகளுக்கு மேலே சின்ன டிவி வைத்திருந்தேன். மத்தியான வேளையில் ஒரு சேனலில் தமிழில் டப் செய்த விண்வெளித் தொடர்கள் ஓடும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த அக்கா, தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொடர் முடிந்ததும் மடியிலிருந்த துணியோடு எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். மறுநாள் அதைக் கொடுக்க வந்தவர், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்ல தனியா பாத்தா டிவிகூட சண்டை போட முடியல தம்பி. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம அது பாட்டுக்கு அடுத்த சீனுக்குப் போயிடுது. நீயும் பதில் சொல்ல மாட்டே. ஆனா சிரிக்கவாவது சிரிக்கிறே."

அன்றிலிருந்து தினமும் ஒரு பிளாஸ்க் டீயோடு வருவார். பிளாஸ்க் மூடியில் எனக்கு ஊற்றுவார். கூடவே கொண்டுவரும் டம்ளரில் அவர் குடிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டு, நீதிபதி மாதிரி பார்ப்பார்.

"இவ்ளோ பெரிய கப்பல் கட்டியிருக்கான். ஒரு கதவுலயாவது பாத்ரூம்னு போட்டிருக்கா பாரேன்."

எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இருந்தாலும் பார்த்தேன். எழுத்து இல்லாவிட்டாலும் பாவாடை, பேன்ட் போட்ட ஒரு பொம்மைப் படமாவது இருக்குமே. இல்லை. அதற்கப்புறம் எந்தத் தொடரைப் பார்த்தாலும் என் கண் கதவுகளிலேயே இருந்தது. கதாநாயகி சாகக் கிடப்பாள். நான் அவளுக்குப் பின்னால் இருக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொடர்களில் அக்காவுக்கு ஆகவே ஆகாத விஷயம் ஒன்று இருந்தது. வேறு கிரகத்தில் இருப்பவன் பூமியில் இருக்கும் மனைவியோடு திரையில் முகம் பார்த்துப் பேசுவான். அவன் கேட்ட உடனே அவள் பதில் சொல்வாள். இரண்டு பேரும் அழுவார்கள். இங்கே அக்காவுக்கு மூச்சு வாங்கும்.

"எதிர்வீட்டுப் பால்கனியில இருக்காளா அவ? செவ்வாயிலேர்ந்து குரல் வந்து சேரவே எத்தினி நிமிஷம் ஆகும் தெரியுமா? 'அழாதே'ன்னு இவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ அழுது, மூஞ்சி கழுவி, சாதம் வடிச்சிருப்பா. காத்திருக்கணும் தம்பி. நான் எக்ஸ்சேஞ்சுல பாத்தேனே. காலையில பம்பாய்க்கு கால் புக் பண்ணிட்டு சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. பேச வேண்டியத மனசுக்குள்ள ஆயிரம் தடவ சொல்லிப் பாப்பாங்க. லைன் கெடச்சதும் எல்லாம் மறந்துபோயி என்ன கேப்பாங்க தெரியுமா? 'சாப்டியா?' அவ்ளோதான். நான் லைன்ல இருந்து கேட்டுக்கிட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தைய எடுக்கத் தெரியல இவங்களுக்கு. கட்டிப்பிடிச்சு அழ வைக்கிறானுங்க."

எல்லாவற்றையும் திட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தொடரில் ஓரமாக ஒரு காட்சி வந்தது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கப்பலின் அடிவயிற்றில் ஒரு வழுக்கைத் தலைக்காரர், குழாயில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டே யாரையோ வைதுகொண்டிருந்தார். அவ்வளவுதான் காட்சி. அக்கா ஸ்டூலைவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். சந்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவரு போவாரு! இவரு கண்டிப்பாப் போய்ச் சேருவாரு!"

இன்னொரு நாள், விண்வெளிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் உயரமாகிவிடுவார்களாம், எடை அழுத்தாததால் முதுகெலும்பு விரிந்துகொள்ளுமாம் என்று எங்கோ படித்ததைச் சொன்னார். பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்த நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:

"அப்ப உள்ள துணி விட்டுத்தான் தைக்கணும்."

எங்கள் பக்கத்தில் சீருடை தைக்க வரும் ஒவ்வொரு தாயும் சொல்வது இதுதான். வளர்கிற பிள்ளை, உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் புரையேறும்வரை சிரித்தார். "வளர்ற பிள்ளைங்க! ஆமாய்யா, அப்படித்தான் போகணும்!" என்றார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி இதைச் சொன்னார். காய்கறி வண்டிக்காரரிடம்கூடச் சொன்னார். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படிப்பட்டவரோடு பழகுவது சுலபமில்லை. அவர் குடியிருந்த காலனியில் பலருக்கு அவர் என்றால் பயம். சங்கத்தின் செக்ரட்டரி சார், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், புத்தாண்டுக்குப் பெரிய டிவி வாங்கினார். நாலைந்து குடும்பங்களைக் கூப்பிட்டு ஒரு விண்வெளிப் படம் போட்டார். கடைசிக் கட்டத்தில் பூமியே அழியப் போகிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா கேட்டாராம்: "இத்தினி ஜனத்தையும் கப்பல்ல ஏத்திட்டான், சரி. கழிவுத் தண்ணியெல்லாம் எங்க விடுறான்?" படம் முடிந்ததும் கேக் மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்களாம். சார் என் கடைக்கு வந்து புலம்பினார். "படத்தையே கழுவி ஊத்திட்டாங்கய்யா அந்தம்மா. இனிமே அவங்கள கூப்பிட்டா நான் மனுஷன் இல்ல."

ஆனால் அதே சார் அவரை மேடைக்கே கூப்பிட வேண்டிவந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடுகிறார்கள் என்று காலனியே மொட்டைமாடியில் கூடியிருந்தது. தைத்த துணி கொடுக்கப் போன என்னையும் அக்கா மேலே இழுத்துக்கொண்டு போனார். வடக்கே, தண்ணீர்த் தொட்டிகளுக்கும் செல்போன் கோபுரத்துக்கும் மேலே, ஒரு தீப்பொறி எழுந்து வளைந்து போனது. நகத்தளவுதான் இருந்தது. எல்லோரும் கத்தினார்கள். அக்கா கத்தவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

செக்ரட்டரி சாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்னம்மா, அழறீங்க? வாய் ஓயாம குறை சொல்வீங்களே. மனுஷன் அங்கெல்லாம் போய் வாழுவான்னு நீங்க நம்புறீங்களா?"

"நம்புறதாலதான் சார் கேக்கறேன்" என்றார் அக்கா. "போகப்போறது இல்லன்னா, சட்டைய யாரு தொவைச்சா எனக்கென்ன?"

சார் தோற்க விரும்பவில்லை. "அப்ப நீங்களே ஒரு கதை எழுதுங்களேன் பாப்போம். சண்டை இல்லாம, ஏலியன் இல்லாம, பாத்ரூம் கழுவுற கதை. எவன் உக்காந்து பாப்பான்?"

"எழுதறேன். பொங்கல் விழாவுல போடுவீங்களா?"

"போடறேன். கடைசி நிகழ்ச்சியா போடறேன், சாப்பாட்டுக்கு முன்னாடி. ஆனா ஒண்ணு. ஜனங்க பாதியில எந்திரிச்சு டிபனுக்குப் போயிட்டா நான் திரைய இழுத்துடுவேன். அப்புறம் நீங்க இந்தக் காலனியில ஒரு படத்தையும் குறை சொல்லக் கூடாது."

"சரி" என்று கையை நீட்டினார் அக்கா. சார் திகைத்துப்போய்க் கை கொடுத்தார்.

கீழே இறங்கும்போதுதான் என்னிடம் சொன்னார். பொங்கல் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு மைசூருக்குப் போகிறாராம். "சின்ன வயசுலேர்ந்து ஒரு விண்வெளிக் கதை எழுதணும்னு ஆசை தம்பி. மத்தவங்க கதைய நோண்டியே வயசாயிடுச்சு. எனக்கு இந்த ஒரு மேடைதான்."

நாடகத்தில் இரண்டே பேர். தொலைதூரக் கிரகத்துக்குப் போகும் கப்பலின் கேப்டன், அவருடைய மனைவி. கேப்டன் வேஷத்துக்கு அக்கா கேட்டது செக்ரட்டரி சாரையே. கால் நாள் யோசித்துவிட்டு அவர் ஒப்புக்கொண்டார். மேடை ஆசை யாரை விட்டது? மனைவி வேஷத்துக்கு அவர் மனைவியே வந்தார். வீட்டில் பேசுவதையே மேடையில் பேசினால் போதும் என்று அக்கா சொன்னதும் அந்த அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பூமியின் குரல் அக்கா. திரைக்குப் பின்னால் மைக்கில்.

உடுப்பு என் பொறுப்பு. பைக்குக்கு மேலே போர்த்தும் வெள்ளி நிறக் கவர் துணியில் தைத்தேன். முட்டியில் ஒட்டு வைக்கச் சொன்னார் அக்கா. "புதுசா இருக்கக் கூடாது. போட்டுப் போட்டுப் பழசான மாதிரி இருக்கணும்." பாக்கெட் வைத்தேன். அளவுக்கு சார் ஒரு பழைய சட்டையைக் கொடுத்தனுப்பினார். எங்கள் தொழிலில் அளவு சட்டை வந்துவிட்டால் ஆளைக் கேட்கக்கூடாது. எனக்குச் சந்தேகம்தான், அந்தச் சட்டைக்குள் அவருடைய பாதி வயிறுதான் நுழையும் போலிருந்தது. வாய் திறந்து சொல்லக் கூச்சம். சீருடைக்கு விடுகிற மாதிரி உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்துவைத்தேன்.

ஒத்திகையில் பெரிய தகராறு, காத்திருப்பைப் பற்றித்தான். கேப்டன் பேசினால் பூமியிலிருந்து பதில் உடனே வராது. அக்கா திரைக்குப் பின்னால் டம்ளரில் டீ ஊற்றி, மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் மைக்கில் வாய் திறப்பார்.

"மேடம், ரெண்டே செகண்டுல பதில் சொல்லிடுங்க" என்று சார் கெஞ்சினார். "சும்மா நின்னா ஜனம் எந்திரிச்சுப் போயிடும். பின்னாடி தோசைக்கல்லு வேற போடறாங்க."

"நெஜத்துல ஒரு சாப்பாடே முடிஞ்சிடும் சார். நான் ஒரு டம்ளர் டீயாக் குறைச்சிருக்கேன். அதுக்குக் கீழ ஒரு சொட்டு குறைக்க மாட்டேன். அந்த நேரத்துல நீங்க சும்மா நிக்க வேணாம். யாரு முறை துணி தொவைக்கிறதுன்னு சண்டை போடுங்க."

விழா அன்று காலனிப் பூங்காவில் ஷாமியானா போட்டு நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பாட்டு, குழந்தைகள் நடனம் எல்லாம் முடிந்தது. திரை விலகியது. தண்ணீர் கேன்களை அடுக்கிக் கட்டிய கப்பல். ஒரு கொடியில் காலுறைகள். வெள்ளி உடுப்பில் கேப்டன் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். நான் திரைக்குப் பின்னால், கழுத்தில் டேப்போடு, ஊசிப் பெட்டியை அணைத்தபடி ஒளிந்திருந்தேன்.

கேப்டன் அறிவித்தார்: "பூமி! பூமி! தண்ணிய சுத்தம் பண்ற மிஷின் அடைச்சிருக்கு. என்ன பண்ணலாம்?"

அக்கா டீ ஊற்றினார்.

மேடையில் துணி துவைக்கும் சண்டை தொடங்கியது. முன்வரிசையில் சிரித்தார்கள். பின்வரிசைப் பையன்களில் ஒருவன் கத்தினான்: "ஏலியன் எப்பண்ணா வரும்?" இன்னொருவன் விசில் அடித்தான். தோசைக்கல்லில் முதல் மாவு விழுந்த சத்தம், அந்த வாசனை. நாற்காலிகள் நகர்ந்தன. பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள். கேப்டன் ஓரக்கண்ணால் எங்கள் பக்கம் பார்த்தார். அக்காவின் டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. அவர் அவசரமாகக் குடிக்கவில்லை.

குடித்து முடித்து, மைக்கைப் பிடித்து, பழைய ஆபரேட்டர் குரலில் சொன்னார்:

"ஹலோ, பூமியிலேர்ந்து பேசறேன். சாப்டீங்களா?"

கேப்டன் தலையில் கை வைத்தார். "தண்ணி மிஷின் அடைச்சிருக்குன்னு கத்தறேன், சாப்டீங்களான்னு கேக்குறாங்க!"

"என்னங்க, அது நாம காலையில பேசினதுக்குப் பதிலு. இப்பத்தான் வந்து சேருது" என்றார் மனைவி.

ஷாமியானா குலுங்கியது. எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே சிரித்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஜனமும் சேர்ந்து காத்திருந்தது. ஒரு முறை அந்த அமைதியில் தாம்பரம் போகும் மின்சார ரயில் கடந்துபோனது. விண்வெளியில் ரயில் சத்தமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடைத்த குழாயைப் பிடுங்கக் கேப்டன் குனிந்தார்.

டர்ர்ர் என்று ஒரு சத்தம். காலர் மைக் அதை எட்டு வீதிக்குச் சொன்னது.

முதுகிலிருந்து கீழேவரை நடுத்தையல் வாய் பிளந்துவிட்டது. கேப்டன் சட்டென்று திரும்பித் தண்ணீர் கேன்களில் முதுகை ஒட்டிக்கொண்டு உறைந்தார். அடுத்த வசனம் மறந்துவிட்டது. சிரிப்பு கூச்சலாக மாறியது. நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தார்கள். "திரைய இழுங்கய்யா!" என்று யாரோ சொன்னது எங்களுக்கே கேட்டது. திரைக் கயிற்றருகே நின்றவர் அக்காவைப் பார்த்தார்.

மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எப்படியாவது சமாளித்துவிடலாம். பூமியின் குரல்தானே. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சொல்லுங்களேன் ஏதாவது!"

"சத்தம் இன்னும் பூமிக்கு வரல தம்பி" என்றார். டம்ளரை உதட்டில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் என் முதுகைப் பிடித்து மேடைக்குள் தள்ளிவிட்டார்.

அந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். எதிரே முகங்கள் தெரியவில்லை, கூச்சல் மட்டும் கேட்டது. செக்ரட்டரி சாரின் மனைவி என்னைப் பார்த்துத் திகைத்தது ஒரே கணம்தான்.

"அட, நம்ம கப்பல் டைலரா! இத்தினி நாளா எங்க சார் இருந்தீங்க?"

என் தொண்டையிலிருந்து வந்தது இதுதான்: "பின்னாடிதான் இருந்தேன்."

அதற்கு எழுந்த சிரிப்பு என் நெஞ்சில் வந்து மோதியது. ஆனால் அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை என்பது ஏனோ எனக்குப் புரிந்தது. கேப்டனைத் திருப்பி நிறுத்தினேன். துணி கிழியவில்லை, நூல்தான் விட்டிருந்தது. உள்ளே விட்டிருந்த துணியை வெளியே இழுத்து, ஊசியைக் கோத்தேன். கையில் ஊசி வந்ததும் கூச்சம் போய்விட்டது.

"எப்பிடிங்க கிழிஞ்சுது?" என்றார் கேப்டன், வசனமே இல்லாத இடத்தில்.

"கல்யாணத்துக்குப் போட்ட சட்டைய அளவுக்குக் குடுத்தீங்கல்ல, அனுபவிங்க" என்றார் மனைவி.

"மனுஷன் விண்வெளியில வளருவாண்டி!"

"மேலதான் வளருவான். முன்னாடி இல்ல."

ஷாமியானாவின் கம்பம் ஆடியது. நான் தைத்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. நான் தைப்பதைப் பார்த்தார்கள். முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தேன். கேப்டன் குனிந்து பார்த்தார். தாங்கியது. கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் ஓயும் நேரத்தில், மேலேயிருந்து, நிதானமாக, பூமியின் குரல் வந்தது:

"ஹலோ கேப்டன். இப்ப ஏதோ கிழிஞ்ச சத்தம் கேட்டுது. ஒண்ணும் ஆகலையே?"

அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். ஏலியன் கேட்ட பையன் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்து முடித்ததும் அதே ஜனம் சட்டென்று அமைதியானது. பூமி அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். கேப்டனின் குரலும் மாறிவிட்டது.

"ஒண்ணும் ஆகல பூமி. தைச்சாச்சு" என்றார்.

குழாய் அடைப்பு நீங்கியது. டம்ளரில் தண்ணீர் விழுந்தது. "இது எதுலேர்ந்து வந்த தண்ணின்னு மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லி மனைவி ஒரு வாய் குடித்து, கேப்டனுக்குக் கொடுத்தார். கேப்டன் குடித்துவிட்டு, எழுதிய கதையில் இல்லாதபடி, மிச்சத்தை என்னிடம் நீட்டினார். குடித்தேன். நாடகம் முடிந்தது.

அப்போது எல்லோரும் எழுந்தார்கள். டிபனுக்குப் போக அல்ல. தோசை மாஸ்டர் கரண்டியோடு மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் கல் தனியாகப் புகைந்துகொண்டிருந்தது. செக்ரட்டரி சார் திரைக்குப் பின்னால் போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துவந்தார். பிளாஸ்க்கும் கையுமாக அக்கா வெளிச்சத்தில் நின்றார். கைதட்டல் நிற்கவே இல்லை.

அது கொஞ்சம் ஓய்ந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது:

"அதெல்லாம் சரி! அந்த ட்ரெஸ்ஸ யாரு தொவைப்பா?"

கூட்டமே சேர்ந்துகொண்டது. யாரு தொவைப்பா, யாரு தொவைப்பா என்று கைதட்டித் தாளம் போட்டார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். செக்ரட்டரி சார் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சார் மெதுவாகத் தன் கையை உயர்த்தினார்.

மறுநாள் காலை நான் கடை திறக்கும்முன்பே அக்கா வந்து நின்றார். "வா தம்பி, ஒண்ணு காட்டறேன்" என்று காலனிக்கு இழுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று மேலே கையைக் காட்டினார். செக்ரட்டரி சார் வீட்டுப் பால்கனிக் கொடியில், இரண்டு லுங்கிகளுக்கும் ஒரு துண்டுக்கும் நடுவே, வெள்ளி உடுப்பு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நீர் சொட்டியது. வெயில் பட்டு முட்டி ஒட்டு பளபளத்தது. பக்கத்தில் சார், பனியனோடு, கையில் இன்னும் இரண்டு கிளிப்போடு நின்றார். எங்களைப் பார்த்ததும் கேப்டன் மாதிரி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

அக்கா இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து, கண் கூசக் கூச அதைப் பார்த்தபடியே நின்றார்.

"இப்பத்தான் தம்பி, மனுஷன் விண்வெளிக்குப் போயிட்டு வந்திருக்கான்" என்றார்.